வேலியோரத்து ஔஷதம்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், அவற்றுக்கு அப்பால் மியன்மார், தாய்லாந்து முதலிய தேசங்களிலும், ஒருவர் விதைக்காமலும் நீர் வார்க்காமலும் வேலியோரங்களில் தானே முளைத்துப் படரும் முட்செடிகளுள், சமையலறைக்கும் வைத்தியர் வீட்டுக்கும் ஒருங்கே வந்து சேர்ந்த பெருமை தூதுவளைக்கு உண்டு. கத்தரி இனத்தைச் சேர்ந்த இதற்கு, 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி, இலையின் பிளவுபட்ட விளிம்பைக் கருதி, சொலானம் டிரைலோபேட்டம் என்று பெயரிட்டார்.

இலையைக் கிள்ளப் போகிறவரின் விரலை முதலில் பதம் பார்ப்பது முள். தண்டிலும் இலைக்காம்பிலும் இலை நரம்பிலுங்கூட அது உண்டு. எலுமிச்சையின் முள் உருமாறிய கிளை. தூதுவளையின் முள்ளோ, ரோஜாச் செடியினுடையதைப் போல, மேற்தோலிலிருந்து எழுவது. சுற்றிப் பிடிக்கப் பற்றுக்கம்பியோ, தானாக நிமிர்ந்து நிற்க வலுவான தண்டோ இல்லாத இச்செடி, கொக்கிபோல் வளைந்த அம்முட்களை அடுத்த புதரின்மீது மாட்டிக்கொண்டே வெளிச்சத்தை நோக்கி ஏறுகிறது. ஆகவே ஆடுமாடுகளைத் தடுக்கும் ஆயுதமே அதற்கு ஏணியாகவும் பயன்படுகிறது.

பூவிலும் இத்தகைய ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஊதா இதழ்களின் நடுவே நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் மகரந்தப் பைகள், மற்றப் பூக்களிற் போல நெடுகப் பிளவாமல், நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாகவே தூளை வெளிவிடுகின்றன. பூவில் தேன் கிடையாது. பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கவ்விக்கொண்டு, இறகசைக்கும் தசைகளை அதிரச் செய்து ரீங்கரிக்கும்போது, அவ்வதிர்ச்சியில் மகரந்தம் சிதறி அதன் உடலில் படிகிறது. தேனீக்கு இவ்வித்தை கைவராது. இவ்வாறு கருவுற்ற பூ பச்சைக் காயாகிப் பின்னர்ச் சிவந்து பழுக்கிறது.

இலையின் கசப்பும் காரணமின்றி வந்ததன்று. சொலசோடின் முதலான ஆல்கலாய்டுகள் இச்செடியில் உண்டு. கத்தரிக் குடும்பத்துச் செடிகள் பூச்சிகளிடமிருந்தும் மேயும் பிராணிகளிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள இவ்வகைச் சரக்குகளையே தயாரித்து வைத்திருக்கின்றன. நமக்கென்று எந்தச் செடியும் மருந்து சமைப்பதில்லை. அதன் தற்காப்பைத் தக்க அளவில் நமக்குப் பிரயோஜனமாக்கிக்கொண்டது மனித புத்தி. சித்த வைத்தியர்கள் கபத்தால் வரும் இருமலுக்கும் இரைப்புக்கும் இதைச் சூரணமாகவும் நெய்யாகவும் கொடுத்து வந்தார்கள். ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தூதுவளையையும் கண்டங்கத்திரியையும் கொடுத்துப் பார்த்து 1999-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆரம்ப ஆய்விலும் சுவாசம் ஓரளவு சீரடைந்ததாகக் கண்டார்கள். எனினும் வழக்கமான ஆங்கில மருந்துகளின் பலனுக்கு அது ஈடாகவில்லை.

வீட்டில் முள்ளை ஆய்ந்து, இலையை நெய்யில் வதக்கித் துவையலாக அரைப்பதும், மிளகு சீரகத்தோடு ரசம் வைப்பதும், தோசை மாவில் கலந்து வார்ப்பதும் வழக்கம். சளிக்கு இதமான இந்த உணவின் அளவு வேறு, நோய்க்கு வைத்தியர் வகுக்கும் அளவு வேறு. மூச்சிரைப்புள்ளவர் தாம் உட்கொண்டு வரும் மருந்தை நிறுத்திவிட்டு வேலியை நம்பியிருப்பது விவேகமாகாது.