எட்டு மடங்கு வெளிச்சத்தில் பிறந்த இருட்டு

2021-ம் ஆண்டு, 80 வயதான ஒரு நாளிதழ் விமர்சனம் உலக சினிமாவின் மிகப் புகழ்பெற்ற மதிப்பெண்களில் ஒன்றைக் குறைத்துவிட்டது. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'சிட்டிசன் கேன்' படத்துக்கு 'ராட்டன் டொமேட்டோஸ்' என்ற விமர்சனத் தொகுப்புத் தளம் 100 சதவீதம் கொடுத்து வைத்திருந்தது. பழைய இதழ்களை அலசி விமர்சனங்களைச் சேர்க்கும்போது 1941 மே மாத 'சிகாகோ ட்ரிப்யூன்' அகப்பட்டது. இதுவரை வந்த படங்களிலேயே சிறந்தது என்று ஊரே பேசிய பேச்சு, புனைபெயரில் எழுதிய அந்த விமர்சகருக்கு ஒப்பவில்லை. படத்தின் இருட்டு அவரைக் கலக்கியிருக்கிறது. கொஞ்சம் வெயிலை உள்ளே விட மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறார். 100 என்பது 99 ஆனது.

'இந்தப் படத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், அப்படி என்ன இருக்கிறது இதில்?' என்ற கேள்விக்கு, ஆக, படத்தின் வயதேதான். கேட்டவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் பால் சார்த்தர் 1945-ல் இதைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக ஏற்க மறுத்து எழுதினார். ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன், படம் தனக்கு முழுச் சலிப்பையே தந்தது என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். இன்று முதன்முறையாகப் பார்க்கும் இளைஞர் பாதியில் எழுந்து போனால், அவருக்கு நல்ல துணை உண்டு.

முதலில் அந்த மதிப்பெண்ணின் வேலையைப் பார்த்துவிடுவோம். அந்தத் தளம் ஒவ்வொரு விமர்சனத்தையும் 'பிடித்தது' அல்லது 'பிடிக்கவில்லை' என்று இரண்டில் ஒன்றாக்கிவிடும். எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதே சதவீதம். எவ்வளவு பிடித்தது என்பது அதில் கிடையாது. எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொன்ன படம் 100 வாங்கும். பத்துப் பேரில் ஒன்பது பேரை உலுக்கியெடுத்து ஒருவரை எரிச்சலூட்டிய படம் 90-ல் நின்றுவிடும்.

இதைவிட வியப்பானது 'உலகின் தலைசிறந்த படம்' என்ற பட்டம். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. முதல் கணிப்பில் கேன் முதல் பத்துக்குள்ளேயே வரவில்லை. 1962-ல் முதலிடத்துக்கு ஏறியது. 2002 வரை ஐந்து கணிப்புகளில் அசையவில்லை. 2012-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதைத் தள்ளியது. 2022-ல் ஷாந்தால் ஆக்கர்மன் இயக்கிய 'ழான் தீல்மன்' முதலிடம் பிடிக்க, கேன் மூன்றாவதாயிற்று. வாக்களிப்பு முறை மிக எளியது: ஒவ்வொருவரும் பத்துப் படங்களை எழுதித் தர வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாக்கு. 2012-ல் வாக்களித்தவர்கள் 846 பேர். முதலிடம் பிடித்த வெர்டிகோவுக்கு 191 வாக்குகள், கேனுக்கு 157. வகுத்துப் பாருங்கள். உலகின் முதலிடப் படத்தைத் தம் பத்துக்குள் சேர்க்காத விமர்சகர்கள் நான்கில் மூன்று பேருக்கும் அதிகம்! கேனைச் சேர்க்காதவர்கள் ஐந்தில் நான்கு பேர். விமர்சகர்கள் எல்லோரும் ஒருமனதாக முடிசூட்டிய படம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பல்லாயிரம் படங்களில் வாக்குகள் சிதறும்போது, ஓரிடத்தில் கொஞ்சம் அடர்த்தியாகச் சேர்ந்தாலே போதும், அது சிகரம்.

பட்டத்தின் கணக்கு இருக்கட்டும். படத்துக்குள் இருக்கும் கணக்குதான் என்னை மயக்குவது. அது இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே படத்தின் சிக்கல் என்று நினைக்கிறேன்.

வெல்ஸ் அப்போது 25 வயது இளைஞர். நாடகத்திலும் வானொலியிலும் பெயர் பெற்றவர். முழுநீளத் திரைப்படம் எடுத்து அனுபவமில்லை. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் 'வதரிங் ஹைட்ஸ்' படத்துக்காக அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். அவரே வெல்ஸைத் தேடிப்போய் இந்த வேலையைக் கேட்டு வாங்கினார். எது முடியாது என்று தெரியாத ஒருவருடன் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் நெடுநாளாக விரும்பியது ஆழ்குவியம். அதாவது, கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பவரும் அறையின் கோடியில் இருப்பவரும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரிவது.

அதன் இயற்பியலை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தூரத்துப் பலகையைக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். எழுத்து கொஞ்சம் தெளியும். ஒளி நுழையும் வாசல் சிறியதானால், கதிர்கள் சிதறிப் பரவ இடம் குறைகிறது; மங்கலும் குறைகிறது. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினாலும் இதுவே நடக்கும். லென்ஸ் அகலக்கோணமாக, அதாவது பரந்த பரப்பைப் பார்ப்பதாக இருந்தால் பலன் இன்னும் கூடும்.

எவ்வளவு கூடும்? 50 மில்லிமீட்டர் லென்ஸை 'எஃப் 2.8' என்ற பெரிய துவாரத்தில் வைத்து, 10 அடி தூரத்தில் நிற்பவர்மீது குவித்தால், அவருக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஒன்றேமுக்கால் அடி அளவு ஆழம்தான் தெளிவாக இருக்கும். நடிகர் ஒரு காலடி பின்வைத்தால் மங்கிவிடுவார். அதே இடத்தில் 25 மில்லிமீட்டர் லென்ஸை 'எஃப் 8' துவாரத்தில் வையுங்கள். 5 அடியில் தொடங்கி அடிவானம்வரை எல்லாம் தெளிவு! டோலண்ட் இந்தப் படத்தில் பெரும்பாலும் வேலை செய்தது இத்தகைய லென்ஸிலும், 'எஃப் 8'-ஐ ஒட்டியும் அதைவிடச் சிறியதுமான துவாரங்களிலும்தான்.

இதற்கு விலை வெளிச்சம். எஃப் 2.8-லிருந்து எஃப் 8-க்குப் போனால் துவாரத்தின் விட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது. பரப்பு எட்டில் ஒரு பங்காகிறது. முன்பு வந்ததில் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். இழந்த எட்டு மடங்கை எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும்.

டோலண்ட் மூன்று திசைகளிலிருந்து அதைத் திரட்டினார். ஒன்று, ஆர்க் விளக்கு. இரண்டு கரிக்கோல்களுக்கு இடையே மின்பொறியை எரியவிட்டு உண்டாக்கும் கண்கூசும் வெளிச்சம் அது. டெக்னிகலர் வண்ணப் படங்களில் ஒரே காட்சியின் ஒளியைப் பிரித்து மூன்று சுருள்களில் பதிவு செய்வார்கள். அந்த வெளிச்சப் பசிக்கென உருவான விளக்குகளை இவர் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு, ஈஸ்ட்மன் கோடாக் 1938-ல் கொண்டுவந்த 'சூப்பர் டபுள் எக்ஸ்' படச்சுருள். குறைந்த வெளிச்சத்திலேயே பதிவாகும் திறனில் அது பழைய சுருள்களை வெகுவாக முந்தியது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அல்ல; பல வில்லைகளின் அடுக்கு. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றில் நாலைந்து பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். இப்படி எட்டுப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீண். போதாததற்கு, திரும்பிய ஒளி உள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளுப்பாக்கும். இதைத் தடுக்க லென்ஸின்மேல் ஒரு வேதிப்பூச்சு வந்தது. அதன் தடிமன் ஒளி அலைநீளத்தில் கால் பங்கு. அப்படி ஆயிரம் பூச்சுகளை அடுக்கினால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். பூச்சின் மேற்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் மேடும் பள்ளமுமாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திரும்பிப்போக வழியில்லாத ஒளி லென்ஸுக்குள் போகிறது. இன்று நம் மூக்குக்கண்ணாடியிலும் கைபேசி கேமராவிலும் இருக்கும் இந்தப் பூச்சு, 1940-ல் புத்தம் புதியது. டோலண்ட் தன் லென்ஸ்களுக்கு அதைப் பூசியிருந்தார்.

இவ்வளவும் சேர்ந்து திரையில் என்ன செய்கிறது? பத்திரிகை அதிபரான கதாநாயகன் கேனின் குழந்தைப் பருவக் காட்சியில், தாய் மேசையருகே அமர்ந்து மகனை ஒரு வங்கிக்காரரின் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். நடுவில் தகப்பன் வேண்டாமென்று வாதாடிக்கொண்டிருக்கிறான். ஆழத்தில், ஜன்னலுக்கு வெளியே பனியில் சிறுவன் விளையாடுகிறான். தன் தலையெழுத்து மாறுவது அவனுக்குத் தெரியாது. நமக்கோ மூன்றும் ஒரே தெளிவில் தெரிகின்றன. எங்கே பார்ப்பது என்று வெட்டிக் காட்டிச் சொல்ல யாரும் இல்லை. போருக்குப் பின் 1946-ல் பாரிஸுக்கு வந்த இப்படத்தைப் பார்த்த ஆந்த்ரே பாஸன் என்ற விமர்சகர், பார்வையாளரின் கண்ணுக்குக் கிடைத்த இந்தச் சுதந்திரத்தைக் கொண்டாடினார்.

அவர் விரிவாக அலசிய இன்னொரு காட்சி, கேனின் இரண்டாம் மனைவி சூசன் மருந்து குடித்துக் கிடப்பது. முகப்பில் பெரிதாக ஒரு கண்ணாடித் தம்ளரும் கரண்டியும். நடுவில் நிழலில் அவள். கோடியில், வெளியிலிருந்து கேன் மோதும் கதவு. ஆழ்குவியத்துக்கு உதாரணமாக இதைக் காட்டாத பாடநூல் குறைவு. ஆனால் இது ஆழ்குவியமே இல்லை! எந்த லென்ஸும் அவ்வளவு அருகையும் அவ்வளவு தொலைவையும் சேர்த்துப் பிடிக்காது. முதலில் பின்புறத்தை இருட்டாக்கித் தம்ளரை மட்டும் எடுத்தார்கள். பிறகு சுருளைக் கேமராவுக்குள்ளேயே திருப்பிச் சுற்றி, முகப்பை இருட்டாக்கி, அறையை அதே சுருளின்மேல் எடுத்தார்கள். கண்ணில் படாத அந்தத் தையல் சூசன் கிடக்கும் இருளில் ஒளிந்திருக்கிறது. படம் முழுக்க இத்தகைய வேலை பரவிக் கிடக்கிறது. படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் லின்வுட் டன், படச்சுருளையே மீண்டும் படமெடுத்து வெவ்வேறு காட்சிகளை இணைக்கும் ஆப்டிகல் பிரின்டர் என்ற இயந்திரத்தில் மேதை. சூசன் பாடும் ஓபரா மேடையிலிருந்து கேமரா மேலே மேலே ஏறி உச்சிப் பரண்வரை போகும் அல்லவா? கீழேயும் மேலேயும் நிஜ அரங்கு. நடுப்பகுதி ஒரு சிறிய மாதிரியுரு. மூன்றும் ஒரே ஏற்றமாகத் தைக்கப்பட்டவை.

சிகாகோ விமர்சகரைக் கலக்கிய இருட்டுக்கும் இப்போது விடை கிடைக்கிறது. படத்தின் செலவு சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர். கேனின் மாளிகையோ உலகத்துச் செல்வமெல்லாம் குவிந்தது. அவ்வளவு பெரிய கூடத்தைக் கட்டக் காசு போதாது. கணப்படுப்பு, படிக்கட்டு, சில சிலைகள் என்று துண்டு துண்டாக நிறுத்தி, இடைவெளிகளில் கறுப்பு வெல்வெட்டைத் தொங்கவிட்டார்கள். எங்கும் ஒளி படாத கறுப்பு, எல்லையில்லாத ஆழமாகத் தோன்றியது. வெளிச்சத்தை வெள்ளமாய்ப் பாய்ச்சிய ஒரு தளத்தில், இருட்டைக் கட்டுமானப் பொருளாகப் பயன்படுத்திய இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தாழ்ந்த கோணத்துக்காகத் தரையையே உடைத்துக் கேமராவைக் குழியில் இறக்கினார்கள். அப்படிப் பார்த்தால் மேல்தளம் தெரியும். அக்காலப் படத்தள அறைகளுக்கு மேல்தளமே கிடையாது. விளக்கும் மைக்கும் அங்குதான் தொங்கும். இவர்கள் மெல்லிய துணியை இழுத்துக் கட்டிக் கூரையாக்கினார்கள். மைக் துணிக்கு மேலே ஒளிந்தது. ஒலி துணியைத் தாண்டி அதை எட்டியது. படத்துக்குள் வரும் செய்திப்படப் பகுதி பழசாகத் தெரிய, படத்தொகுப்பாளர் ராபர்ட் வைஸ் சுருளைத் தரையில் இழுத்துக் கீறினார்.

இந்த உத்திகளில் பலவற்றுக்கு முன்னோடிகள் உண்டு. ழான் ரெனுவார் ஆழத்தில் காட்சி அமைத்திருக்கிறார்; டோலண்டே ஜான் ஃபோர்டின் படத்தில் ஒத்திகை பார்த்திருக்கிறார். கேன் அவற்றை ஒரே படத்தில், ஒரே மூச்சில் குவித்தது. பிறகு வந்த எல்லோரும் அள்ளிக்கொண்டார்கள். இன்று தொலைக்காட்சித் தொடர்கூட இந்த இலக்கணத்தில் பேசுகிறது. அதில் வளர்ந்த கண்ணுக்கு மூலப் படம் புதுமையாகத் தெரியாதது இயல்பே. படத்தில் ஒரு குளிர்ச்சி இருப்பதும் உண்மை. கேன்மீது நமக்குப் பாசம் வருவதில்லை. சலிப்படைந்தவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

'புகழே புகழை வளர்க்கிறது' என்ற ஐயமும் நியாயமானது. ஆர்.கே.ஓ. தன் படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றபின் 1950-களில் கேன் அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்தது, 1962-ல் முதலிடம். திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே ஒன்று பிடித்துப்போகுமா? கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் அறியப்படாத ஓவியங்களை வகுப்பில் ஏதும் சொல்லாமல் ஓரிரு விநாடி அடிக்கடி காட்டினார். பிரபல ஓவியங்கள்மீது மாணவர்களுக்கு இருந்த சாய்வு கரைந்துபோனது. கதை அதோடு முடியவில்லை. 2013-ல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே சோதனையை விமர்சகர்கள் மட்டமென்று ஒதுக்கும் தாமஸ் கின்கேடின் ஓவியங்களையும், 19-ம் நூற்றாண்டின் ஜான் எவரெட் மில்லேயின் ஓவியங்களையும் வைத்துச் செய்தார்கள். பார்க்கப் பார்க்கக் கின்கேடின் ஓவியங்கள் பிடிக்காமல் போயின. மில்லேயின் ஓவியங்களுக்கு அந்தச் சரிவு நேரவில்லை.

நல்ல படைப்பு மறுபார்வையைத் தாங்கும் என்றால், கேனை ஒருமுறை கைவிட்டவர்கள் ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் திரும்பிப் போகலாம்: 1929-ன் பொருளாதாரச் சரிவுக்குப் பின், தன் பத்திரிகைகளின் கட்டுப்பாட்டைக் கேன் விட்டுக்கொடுக்கும் இடம். முகப்பில் மேசை. பின்னால் சுவரில் சாதாரண அளவில் ஜன்னல்கள். கேன் பேசிக்கொண்டே அவற்றை நோக்கி நடக்கிறார். நடக்க நடக்கச் சுருங்குகிறார். சுவரை அடையும்போது ஜன்னலின் அடிக்கட்டை அவர் தலைக்கும் மேலே இருக்கிறது! காரணம், கேமராவின் நெருக்கம். அகலக்கோண லென்ஸ் என்பதால் நடிகருக்கு 5 அடியில் கேமராவை வைக்க முடியும். அங்கிருந்து 25 அடி நடந்தால் தொலைவு ஆறு மடங்காகிறது; உருவம் ஆறில் ஒன்றாகிறது. சாதாரண லென்ஸோடு 30 அடி தள்ளி நின்று எடுத்திருந்தால், அதே 25 அடி நடை அவரைப் பாதியளவுகூடக் குறைத்திருக்காது. ஜன்னல்களை முன்கூட்டியே பிரம்மாண்டமாகக் கட்டி, தூரத்தால் சிறிதாக்கி வைத்திருந்தார்கள். வளர்த்த வங்கிக்காரரின் முன்னால் மறுபடி சிறுவனாகிப்போன கேன், அங்கிருந்து திரும்பி நடந்து, பழைய உயரத்துக்கு வளர்ந்து, மேசையில் கையெழுத்திடுகிறார். இடையில் ஒரு வெட்டுகூட இல்லை.