விலை தெரிந்தால் போதுமா, வண்டி வர வேண்டாமா? கொடைக்கானல் போளூர் சொல்லும் பொருளாதாரப் பாடம்

போளூர் என்றதும் பலருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்தான் ஞாபகம் வரும். அந்தப் போளூருக்கு ரயிலே வருகிறது. இங்கே சொல்லப்போவது வேறு போளூர். கொடைக்கானல் மேல்மலையில், கேரள எல்லையை ஒட்டிய கடைக்கோடியில் இருக்கும் ஊர்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. கிளாவரைக்கே கொடைக்கானலில் இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சமவெளியில் அந்தத் தூரம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. கொண்டை ஊசி வளைவுகளிலும், மழையிலும், எதிரே வரும் லாரியிலும்தான் அளக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொடைக்கானலில் இருந்து ஒலிபரப்பாகும் 'கோடை பண்பலை 100.5' தென் மாவட்டங்களின் டீக்கடைகளில் எல்லாம் பாடும். மலை உச்சியில் இருப்பதால் அதன் அலை அவ்வளவு தூரம் போகிறது. ஆனால் அதே மலையின் மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் ஊர்களுக்கு செல்போன் சிக்னல் என்பது நீண்ட காலம் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டிய ஒன்றாகவே இருந்தது. ஊருக்கெல்லாம் சேதி சொல்லும் மலைக்கு, தன் பிள்ளைகளுக்குச் சேதி சொல்ல வழியில்லை!

சாலையும் சிக்னலும் ஓர் ஊரின் வருமானத்தை எப்படி மாற்றுகின்றன? அதைப் புரிந்துகொள்ள போளூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

டோலியில் தொடங்கிய கதை

1845-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அப்போது மலைக்குச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்தில் இருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோ, நடந்தோதான் ஏற வேண்டும். சாமான்கள் அனைத்தும் கூலித் தொழிலாளர்களின் தலையிலும் தோளிலும் மேலே போயின.

1875-ல் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்தது. அம்மையநாயக்கனூரில் நிலையம் அமைந்தது. இன்றைக்கு நாம் 'கொடை ரோடு' என்று சொல்லும் நிலையம் அதுதான். பெயரில் கொடை இருந்தாலும் கொடைக்கானல் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ரயில் வந்தும் மலையேற்றம் பழைய மாதிரியே தொடர்ந்தது. மேஜர் லா வகுத்த மலைச்சாலை வேலை முடிந்தது 1914 வாக்கில்தான். கொடைக்கானல் என்ற ஊர் பிறந்து, அதற்கு ஒழுங்கான வண்டிச்சாலை கிடைக்க சுமார் 70 ஆண்டுகள் ஆயின. அப்படியானால் அதையும் தாண்டி உள்ளே இருக்கும் மேல்மலை ஊர்கள் எவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பயிரை முடிவு செய்வது யார்?

மண்ணும் மழையும்தான் என்று நினைப்போம். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சாலை முடிவு செய்கிறது.

மேல்மலையின் பெருமை மலைப்பூண்டு. 2019-ல் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' புவிசார் குறியீடு பெற்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் காந்தளூர் - வட்டவடைப் பூண்டும் 2022-ல் குறியீடு வாங்கிவிட்டது. மலையின் குளிரும் மண்ணும் பூண்டுக்கு ஒத்துப்போகின்றன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பூண்டு அவசரப்படாத பயிர். பறித்து, காயவைத்து, பரணில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. எடைக்கு நல்ல விலையும் கிடைக்கும். பஸ் இன்று வராவிட்டால் நாளை ஏற்றலாம். சாலை மண்சரிவில் அடைபட்டாலும் பூண்டு பொறுத்துக்கொள்ளும்.

பீன்ஸ், பட்டாணி, முட்டைகோஸ் அப்படியில்லை. காலையில் பறித்தால் இரவுக்குள் வண்டி ஏறி, மறுநாள் விடியலில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் வாடிய காய்க்கு அடிமாட்டு விலைதான். சாலை நன்றாக இருக்கும் ஊர் காய்கறியில் துணிந்து பணம் போடலாம். சாலையை நம்ப முடியாத ஊர் கெடாத பயிரைத்தான் நம்பியிருக்க முடியும்.

ஒரு மூட்டைக்கு ஆகும் வண்டி வாடகை விவசாயியின் கையில் இருந்துதான் போகிறது. மார்க்கெட்டில் பூண்டு விலை என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். அடிவாரத்து விவசாயிக்கு அதில் கழிவது கொஞ்சம். கடைக்கோடி விவசாயிக்கு நிறைய. உரமும் விதையும் அரிசியும் மேலே வரும்போது அதே வாடகை இன்னொரு முறை சேர்கிறது. விற்கும்போது குறைந்த விலை, வாங்கும்போது கூடுதல் விலை. தொலைவு என்பது இரு முறை வசூலிக்கப்படும் வரி.

ஒரு போன் காலின் விலை

1995 ஜூலை 31-ல் கொல்கத்தாவில் இருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அடுத்த சில ஆண்டுகளில் கேரளக் கடற்கரைக்குச் செல்போன் வந்தது. அதற்கு முன் மீனவர்கள் எந்தக் கரையில் என்ன விலை என்று தெரியாமலே வழக்கமான கரைக்குப் போவார்கள். ஒரு கரையில் மீன் குவிந்து, வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் இல்லாமல் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

போன் வந்த பிறகு படகில் இருந்தபடியே விலை கேட்டு, எங்கே தேவையோ அங்கே கரை சேர்ந்தார்கள். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் இதை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவிகிதம் கூடியது. வாங்குபவர்களுக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. இரு தரப்புக்கும் லாபம் தந்த அதிசயம்!

சரி, அதே அதிசயம் மேல்மலையிலும் நடக்குமா?

படகுக்கும் பிக்-அப் வண்டிக்கும் வித்தியாசம்

இங்கேதான் சிக்கல். மீனவரிடம் சொந்தப் படகு இருந்தது. கடல் முழுக்கச் சாலை. விலை தெரிந்ததும் படகைத் திருப்ப முடிந்தது. மலை விவசாயிக்கு விலை தெரிந்தாலும் திருப்புவதற்கு வண்டி வேண்டும். வண்டி வரச் சாலை வேண்டும்.

போளூரில் ஒரு விவசாயியிடம் 5 மூட்டைப் பூண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேனி மாவட்டம் வடுகப்பட்டியில் இருக்கும் பூண்டுச் சந்தையில் இன்று நல்ல விலை என்று வாட்ஸ்அப்பில் தெரிகிறது. ஐந்து மூட்டைக்காக ஒரு பிக்-அப் வண்டி மலை ஏறி வராது. வந்தால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அக்கம்பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து ஏற்றினால்தான் கட்டுப்படியாகும். அங்கேதான் போன் உண்மையில் உதவுகிறது. யாரிடம் எத்தனை மூட்டை, எப்போது வண்டி, எந்தச் சந்தை என்று பேசி முடிவெடுக்க முடிகிறது.

இன்னொரு தடையும் இருக்கிறது. விதைக்கும்போது கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியவர், அறுவடையை அந்த மண்டிக்கே கொடுத்தாக வேண்டும். அவர் கையில் போன் இருக்கிறது, விலையும் தெரிகிறது. மாற்றி விற்கும் சுதந்திரம் மட்டும் இல்லை. சாலை, சிக்னல் இரண்டோடு நியாயமான வட்டியில் கடனும் சேர்ந்தால்தான் விலைத் தகவல் பணமாக மாறும்.

சாலை வந்தால் எல்லாம் மாறுமா?

2000 டிசம்பர் 25-ல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. நாடு முழுக்கப் பல்லாயிரம் கிராமங்களுக்குத் தார்ச்சாலை வந்தது. அந்தச் சாலைகள் என்ன செய்தன என்று சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். 2020-ல் வெளியான அவர்களின் முடிவு பலரை யோசிக்க வைத்தது. சாலை வந்ததும் கிராமத்தில் விவசாய வேலையை விட்டு வெளிவேலைக்குப் போகிறவர்கள் அதிகரித்தார்கள். ஆனால் விளைச்சலிலோ, வருமானத்திலோ, வீட்டுச் சொத்திலோ பெரிய பாய்ச்சல் தெரியவில்லை.

அதற்காகச் சாலை வேண்டாம் என்று அர்த்தமில்லை. சாலை கதவைத் திறக்கும். உள்ளே வர சந்தை, கடன், சேமிப்புக் கிடங்கு, பஸ் எல்லாம் வேண்டும். தார் போட்டுவிட்டு அதில் பஸ் விடாமல் இருந்தால், சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது சாலை.

மினி பஸ் திட்டம் தமிழ்நாட்டில் 1997-ல் வந்ததும், 2025 ஜூனில் புதுப்பிக்கப்பட்டதும் இந்த இடைவெளியை அடைக்கத்தான். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021-ல் தொடங்கியபோது சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான் பொருந்தியது. மலை ஊர்ப் பெண்களுக்கு அது எட்டவில்லை. 2024-25 பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. கொடைக்கானலுக்கு ஆஸ்பத்திரிக்கோ, தாலுகா ஆபீஸுக்கோ போய்வரும் ஒரு பெண்ணுக்கு பஸ் கட்டணம் என்பது அன்றைய கூலியில் ஒரு பங்கு.

உயிருக்கும் இதே கணக்குதான்

பூண்டு ஒரு நாள் காத்திருக்கும். பிரசவ வலி காத்திருக்காது.

108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அந்த மூன்று எண்களை அழுத்த சிக்னல் வேண்டும். அழைப்பு கிடைத்தபின் வண்டி ஏறி வரச் சாலை வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றொன்றால் பயனில்லை. அதனால்தான் மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறைகள் உருவாக்கப்பட்டன. தேதி நெருங்கும் முன்பே கர்ப்பிணி வந்து தங்கிவிடலாம். சாலை வந்து சேராத இடத்தில், தாயை முன்கூட்டியே சாலைக்குப் பக்கத்தில் கொண்டு வரும் ஏற்பாடு அது.

மலைக்கும் ஒரு கணக்கு உண்டு

'சாலை போடுங்கள்' என்று சொல்வது சுலபம். மலை அதற்குத் தன் விலையைக் கேட்கும். கொடைக்கானலில் இருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்கு ஒரு சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை வந்தால் தப்பிச்செல்லும் வழியாகவும் அது கருதப்பட்டது. 1990-ல் மூடப்பட்டு, இன்று காட்டுக்குள் கிடக்கிறது. திறக்க வேண்டும் என்பவர்களும், காடு காடாகவே இருக்கட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்து, சாலைகளை அடைத்தபோது, மலைச்சாலையைப் போடுவதைவிடக் காப்பாற்றுவது கடினம் என்பது புரிந்தது. சுற்றுலா வாகன நெரிசலைக் கட்டுப்படுத்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்ததும் இதே மலையில்தான்.

புதிய சாலைகளுக்குக் காடு விலை கேட்கும். இருக்கும் சாலையைச் செப்பனிடுவதும், அதில் நேரத்துக்கு பஸ் விடுவதும், ஒரு செல்போன் கோபுரம் நிறுத்துவதும் அவ்வளவு கேட்காது. சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ரூ.26,316 கோடி ஒதுக்க ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணையத்தில் இணைக்க கண்ணாடி இழை கேபிள் திட்டமும் இருக்கிறது.

அடுத்த முறை கொடைக்கானல் போய், கடையில் மலைப்பூண்டு வாங்கும்போது விலையைப் பார்த்துத் தயங்கினால் ஒன்றை யோசியுங்கள். அந்த விலையில் விளைவித்தவரின் உழைப்பு மட்டும் இல்லை. வளைவு வளைவாக இறங்கி வந்த அந்தச் சாலையின் வாடகையும் இருக்கிறது. அந்த வாடகை குறையும் நாளில் உங்களுக்கும் பூண்டு மலிவாகும், போளூர்க்காரர் கையிலும் நாலு காசு கூடுதலாக நிற்கும்.