உங்கள் முயல் என்ன இனம், என்ன நிறம்?

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் ‘இது என்ன இனம்? என்ன நிறம்?’ என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். ஆனால், இரண்டுக்கும் கிடைக்கும் விடை ஒரே தரத்தில் இருக்காது. கலப்பு முயலின் இனத்தைப் பற்றி ஊகம்தான் சொல்ல முடியும். நிறத்தை மட்டும், ரோமத்தை ஊதிப் பார்த்தும் வயிற்றையும் கண்ணையும் கவனித்தும், பெரும்பாலும் உறுதியாகவே சொல்லிவிடலாம். இனத்துக்கு வம்சாவளிச் சான்று வேண்டும். நிறத்துக்குச் சான்று முயலின் உடம்பிலேயே இருக்கிறது.

இனம் என்றால் என்ன?

உலகில் உள்ள வளர்ப்பு முயல் அத்தனையும் ஒரே உயிரினம்தான். ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் பகுதிகளில் வாழ்ந்த ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை அவை. நம் ஊர்ப் பொட்டல்களில் ஓடும் கருங்கழுத்துக் காட்டு முயல் வேறு பேரினம். வளர்ப்பு முயலுக்கு 44 குரோமோசோம்கள், நம் ஊர்க் காட்டு முயலுக்கு 48. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. எனவே, பழுப்பு நிறத்தில் குட்டி பிறந்தால் ‘காட்டு முயல் கலப்பு’ என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். காட்டு முயல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருவதால் அதைப் பிடித்து வளர்க்கவும் கூடாது.

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் சுமார் 50 இனங்களை ஏற்றிருக்கிறது. பிரிட்டிஷ் முயல் கவுன்சிலுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் எடை, உடல்வாகு, காது, ரோமம், நிறம் ஆகியவற்றுக்கு எழுதி வைத்த அளவுகோல் இருக்கிறது. முன்னோர் விவரம் தெரிந்து, இந்த அளவுகோலுக்கும் பொருந்தினால்தான் அது அந்த இனம். கடையில் வாங்கிய முயலுக்கு முன்னோர் விவரம் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே ‘டச்சு முயல்’ என்று அடித்துச் சொல்வதைவிட ‘டச்சு சாயல்’ என்பதே சரி.

சாயலைப் பார்க்கும் வரிசை

முதலில் எடை. சிறிய முயல்கள் ஆறு மாதத்திலும், பெரியவை எட்டு மாதத்துக்கு மேலும்தான் முழு வளர்ச்சி அடையும். அதற்கு முன் குட்டியின் இனத்தைச் சொல்வது வீண். அமெரிக்க அளவுகோலில் நெதர்லாந்து ட்வார்ஃப் சுமார் 1.1 கிலோவைத் தாண்டக் கூடாது. ஹாலந்து லாப் அதிகபட்சம் 1.8 கிலோ, டச்சு 1.6 முதல் 2.5 கிலோ வரை. நியூசிலாந்து 4 முதல் 5.4 கிலோ வரை. ஃப்ளெமிஷ் ஜெயன்ட் ஆறு கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். சிவப்புக் கண்ணும் வெள்ளை ரோமமும் கொண்ட முயலையெல்லாம் ‘நியூசிலாந்து ஒயிட்’ என்று விற்பதுண்டு. வளர்ந்த பிறகும் அது இரண்டு கிலோவிலேயே நின்றால் அந்தப் பெயர் பொருந்தாது. அந்த இனம் உருவானதே அமெரிக்காவில்தான் என்பது வேறு விஷயம்.

அடுத்து காது. தொங்கும் காதுக்குப் பல மரபணுக்கள் சேர வேண்டும். தொங்குகாது முயலும் நிமிர்ந்த காது முயலும் சேர்ந்தால், ஒரு காது தொங்கி ஒரு காது நிமிர்ந்தோ, இரண்டும் பக்கவாட்டில் நீட்டியோ நிற்கும் குட்டிகள் பிறக்கலாம். அரைகுறையாகத் தொங்கும் காது கலப்புக்கு நல்ல அடையாளம்.

மூன்றாவது ரோமம். குட்டையாக, வெல்வெட் போல நிமிர்ந்து நின்றால் ரெக்ஸ். உடல் முழுக்க நீண்ட கம்பளி ரோமம் என்றால் அங்கோரா. இரண்டும் ஒடுங்கு பண்புகள் என்பதால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்திருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி மட்டும் பிடரி இருந்தால் லயன்ஹெட் வழி. பிடரி மரபணு ஓங்கு பண்பு, ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அதனால்தான் கலப்பு முயல்களில் அங்கோரா ரோமத்தைவிடப் பிடரியைச் சுலபமாகப் பார்க்க முடிகிறது.

நிறமும் வெள்ளைத் திட்டும் இனத்துக்குக் கடைசிச் சான்றுதான். ஒரே நிறம் பல இனங்களில் வரும்.

நிறத்தைப் படிக்க நான்கு கேள்விகள்

ஒன்று: ஊதினால் வளையம் தெரிகிறதா? முதுகு ரோமத்தின் மேல் மெல்ல ஊதுங்கள். ரோமம் பூப்போல விரியும். அடியில் சாம்பல், நடுவில் மஞ்சள் கலந்த பழுப்பு, நுனியில் கறுப்பு என்று வளையம் வளையமாகத் தெரிந்தால் அது அகூட்டி. கண்ணைச் சுற்றியும் வயிற்றிலும் வாலடியிலும் வெளிர் நிறம் இருக்கும். வளையமே இல்லாமல் உடல் முழுக்க ஒரே நிறம் என்றால் அது செல்ஃப். முதுகில் வளையம் இல்லை, ஆனால் வயிறும் கண்வட்டமும் மட்டும் வெளிர் என்றால் டான் வகை. ஆட்டர், மார்ட்டன் எல்லாம் இதில் அடங்கும். வயிற்றைப் பார்க்க முயலை மல்லாத்த வேண்டாம், அது மிரளும். மடியில் வைத்து, பின்புறத்தைத் தாங்கிக்கொண்டு முன்பகுதியைச் சற்றே உயர்த்தினால் போதும்.

இரண்டு: கரிய நிறமி எந்த வகை? முயலின் நிறங்களுக்கு அடிப்படை நான்கு: கறுப்பு, சாக்லேட், நீலம், லைலாக். கறுப்பு நீர்த்தால் நீலம், அதாவது எஃகுச் சாம்பல். சாக்லேட் நீர்த்தால் இளஞ்சிவப்பு கலந்த சாம்பலான லைலாக். கண்ணும் துப்புக் கொடுக்கும். கறுப்பு, சாக்லேட் முயல்களுக்குப் பழுப்புக் கண், நீர்த்த நிறங்களுக்கு நீலச் சாம்பல் கண்.

மூன்று: மஞ்சள் எங்கே போனது? அகூட்டி ரோமத்தில் மஞ்சள் வளையத்துக்குப் பதில் முத்து வெள்ளை இருந்தால் சின்சில்லா நிறம். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லாவுக்கு இந்தச் சாம்பல் மினுமினுப்புதான். எதிர்த்திசையில், கறுப்பு பெரும்பாலும் பின்வாங்கி மஞ்சள் மேலோங்கினால் ஆரஞ்சும் டார்ட்டும். முகம், காது, விலா, வயிறு ஆகியவற்றில் புகை படிந்தாற்போல் இருந்தால் டார்ட். வயிறு வெள்ளையாக இருந்தால் ஆரஞ்சு. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது.

நான்கு: வெள்ளை எந்த ஒழுங்கில் விழுந்திருக்கிறது? டச்சு அமைப்பில் நெற்றியில் வெள்ளைப் பட்டை, இரு கன்னமும் காதும் நிறம், தோளும் மார்பும் வெள்ளை, பின்பாதி நிறம், பின்பாத நுனி வெள்ளை. பிரோக்கன் அமைப்பில் வெள்ளை உடலில் திட்டுகள், மூக்கில் வண்ணத்துப்பூச்சி வடிவம், கண்ணைச் சுற்றி வட்டம், காதில் முழு நிறம். மூன்றாவது வியன்னா. அரைகுறை டச்சு போலத் தெரியும், ஆனால் ஒரு கண்ணோ இரண்டுமோ நீலமாகவோ நீலத் தெறிப்போடோ இருக்கலாம். நெற்றி வெள்ளையைப் பார்த்தவுடன் டச்சு என்று முடிவு கட்டும் முன் கண்ணைப் பாருங்கள்.

வெள்ளை முயல் மறைக்கும் சேதி

சிவப்புக் கண் வெள்ளை என்பது நிறமி உருவாகவே விடாத மரபணுவின் வேலை. கறுப்போ சாக்லேட்டோ, அகூட்டியோ செல்ஃபோ எதுவும் உள்ளே இருக்கலாம், வெளியே தெரியாது. குட்டி போட்டால்தான் வெளிவரும். நீலக்கண் வெள்ளை, வியன்னா மரபணு இரட்டையாக வந்ததன் விளைவு.

உடல் வெள்ளை, மூக்கு, காது, கால், வால் மட்டும் கருமை, கண் சிவப்பு என்றால் ஹிமாலயன் அமைப்பு. கலிஃபோர்னியன் இனத்திலும் இதே அமைப்புதான். இங்கே நிறமியை உண்டாக்கும் நொதி, உடலின் குளிர்ந்த பகுதிகளில் மட்டுமே வேலை செய்யும். எனவே, சென்னை வெயிலில் மூக்கும் காதும் வெளிறும், ஊட்டிக் குளிரில் கரேலென்று ஆகும். நிறம் மாறியது நோயாலோ தீனியாலோ அல்ல.

இதேபோல், ரோமம் உதிரும் காலத்தில் முதுகில் தோன்றும் வரிகளும், வெயில் பட்டுக் கறுப்பு ரோமம் செம்பழுப்பாவதும், சிறுநீரில் நனைந்து பாதம் மஞ்சளாவதும் நிறமே அல்ல. குட்டி ரோமம் கொட்டி, பெரிய ரோமம் வந்த பிறகு பார்ப்பதே நல்லது.

இதெல்லாம் எதற்கு?

ஓர் உதாரணம். வளர்ந்த முயல், 1.7 கிலோ, காது நிமிர்ந்தது, கழுத்தில் பிடரி, உடல் சாம்பல், ஊதினால் வளையம் இல்லை, நெற்றியில் வெள்ளைக் கோடு, ஒரு கண் நீலம். இதை ‘கலப்பு, லயன்ஹெட் சாயல், வியன்னா குறியுள்ள நீல செல்ஃப்’ என்று எழுதலாம். கடைக்காரர் சொன்ன ‘டச்சு’ இதில் எங்கும் இல்லை.

இந்த விவரம் குட்டி போட விடுபவர்களுக்கு மிகவும் பயன்படும். இரண்டு பிரோக்கன் முயல்களைச் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி பெரும்பகுதி வெள்ளையாக, திட்டு மிகக் குறைவாகப் பிறக்கும். சார்லி எனப்படும் இவற்றுக்குப் பெருங்குடல் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். ட்வார்ஃப் மரபணு உள்ள இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்றுக்கு அது இரட்டையாக வந்து, சில நாட்களுக்குள் இறந்துவிடும். வளர்க்க மட்டும் செய்பவர்களுக்கோ ரோம வகை முக்கியம். நீண்ட ரோமம் என்றால் தவறாமல் சீவ வேண்டும், கோடையில் நிழலும் காற்றும் கட்டாயம். கால்நடை மருத்துவர் இனப் பெயரைவிட எடையைத்தான் கேட்பார், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. ஆகவே முயலின் அட்டையில் முதலில் எடையை எழுதி, பிறகு நிறத்தையும் ரோம வகையையும் எழுதுங்கள். இனம் என்ற இடத்தில் ‘கலப்பு’ என்று எழுதத் தயங்க வேண்டாம்.