எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை

விருதுநகர் மாவட்டத்தில் ஒன்பது பேரூராட்சிகள் உள்ளன. அவற்றில் வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, சுந்தரபாண்டியம், எஸ். கொடிக்குளம் ஆகிய நான்கும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் பெருகிக் கண்மாய் நிறைந்தால் நெல் நடவு. மலையோரமாகத் தென்னையும் மாவும். பிழைப்பு மண்ணை நம்பித்தான். ஆனால் அரசின் கணக்கில் வ. புதுப்பட்டி நகர்ப்புறம். அதனால் ஊரகத்துக்கு மட்டுமே உரிய நூறு நாள் வேலை இந்த ஊர்க் கூலியாட்களுக்குக் கிடையாது.

அக்காள் தங்கை இருவரை எடுத்துக்கொள்வோம். அக்காள் பக்கத்துக் கிராம ஊராட்சி ஒன்றில் வாக்கப்பட்டவள், தங்கை புதுப்பட்டியில். நடவுக்கும் களையெடுப்புக்கும் இருவரும் ஒரே வயலில் இறங்குகிறார்கள், ஒரே கூலி வாங்குகிறார்கள். தை, மாசியில் அறுவடை முடிகிறது. அதையும் இப்போது இயந்திரம்தான் செய்கிறது. கதிர் அறுத்துக் கட்டுத் தூக்கிய நாட்கள் பெண்களின் கையை விட்டுப் போய்விட்டன. பங்குனி பிறந்தால் வயலில் வேலை இல்லை. அப்போது அக்காள் வேலை அட்டையை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போகிறாள். பணித்தளப் பொறுப்பாளர் கைபேசியில் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்து வருகையைப் பதிகிறார். வெட்டிய மண்ணை அளந்தபின் கூலி வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். தங்கைக்கு அந்த அட்டையே கிடையாது. ராஜபாளையம் மில்லுக்கோ சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைக்கோ ஆள் ஏற்றும் வேனில் இடம் கிடைத்தால் உண்டு. கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் மாமியாரோ வீட்டில் இருந்தால் அந்த வழியும் அடைபட்டுப்போகும்.

ஊரகம், நகர்ப்புறம் என்று பிரிக்கும் இந்தக் கோட்டை யார் போட்டது? மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஓர் இடத்தை நகரமாகக் கொள்ள மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது. மாநில அரசு பேரூராட்சி என்று அறிவித்த ஊருக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அறிவிப்பு ஒன்றே போதும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறத்தினர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வயலில் குனிந்து நாற்று நடும் பெண்களும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள்.

இதில் வேதனையான வரலாறு ஒன்று உண்டு. 2004-ல் தமிழக அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. ஊரகத் திட்ட நிதி இந்த ஊர்களுக்கும் வர வேண்டும் என்பதே காரணம். 2006 ஜூலையில் அடுத்து வந்த அரசு அவற்றை மீண்டும் பேரூராட்சிகளாக்கியது. அதே 2006 பிப்ரவரியில்தான் நாட்டின் 200 மாவட்டங்களில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியிருந்தது. 2008 ஏப்ரலில் அது விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது. அன்று பெயரை மாற்றியவர்கள் இப்படி ஆகும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த அரசும் இதைச் சரி செய்யவில்லை. எனக்கு அதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது.

நூறு நாள் வேலை போனால் என்ன, வேறு வேலை பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆய்வுகள் பதில் சொல்லியிருக்கின்றன. ஒன்றுபட்ட ஆந்திராவில் 157 மண்டலங்களில், இத்திட்டத்தின் கூலியை ஸ்மார்ட் கார்டு மூலம் ஒழுங்காகப் பட்டுவாடா செய்தபோது என்ன நடந்தது என்று கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பயனாளிக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் கூடியிருந்தது. அந்த உயர்வில் 86 சதவீதம் திட்டத்தின் கூலியிலிருந்து வரவில்லை; வெளியில் செய்த வேலையிலிருந்து வந்தது. கரையில் ஒரு வேலை காத்திருக்கிறது என்று தெரிந்த பெண், வயல்காரர் சொல்லும் கூலிக்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லை. நம் மாநிலத்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நீவும் திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள்: இந்தத் திட்டத்தால் அதிகம் பலன் பெற்றவர்கள் பெண்களும் தலித் குடும்பங்களும், நிலம் வைத்திருப்பவர்களை அண்டி நிற்க வேண்டிய நிலை அவர்களுக்குக் குறைந்திருந்தது.

வயல் கூலிக்கு ஊர் எல்லை கிடையாது என்பதால் அக்காள் ஊரில் ஏறிய கூலி புதுப்பட்டித் தங்கைக்கும் ஓரளவு கிடைத்திருக்கும். வயலே சும்மா கிடக்கும் மாதங்களில் அவளுக்கு என்ன இருக்கிறது? அந்த மாதங்களுக்காகத்தானே இந்தத் திட்டமே வந்தது.

இந்த மாவட்டத்துக்கும் ஊராய்வுக்கும் நூறாண்டுப் பழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி நிலம், கூலி, கடன், சாப்பாடு என்று குறிப்பெடுக்கச் சொன்னார். 1918-ல் நூலாக வந்த அந்த ஆய்வில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரமும் ஒன்று. இன்று அது நம் மாவட்டம். 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும், 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் ஸ்லேட்டர் பார்த்த ஊர்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். யார் எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்று வாசலில் உட்கார்ந்து கேட்டு எழுதும் அந்த வேலை இப்போது பேரூராட்சிகளில் நடக்க வேண்டும்.

எல்லை பார்க்காமல் கொடுக்கத் தமிழ்நாட்டுக்குத் தெரியாதா? 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது, அரிசி எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு என்று நின்ற மாநிலம் இது. மகளிர் உரிமைத் தொகை ஊராட்சியா பேரூராட்சியா என்று கேட்டு வருவதில்லை. வேலை விஷயத்தில் மட்டும் தயக்கம். சி. ரங்கராஜன் குழு 2020-ல் பரிந்துரைத்ததையொட்டி, 2021-22-ல் 100 கோடி ரூபாயில் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் முன்னோட்டமாக வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் மாநிலத்தில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருக்கும்போது, அந்தத் தொகை எந்த மூலைக்கு? கேரளம் 2010-லேயே அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்துவிட்டது. ராஜஸ்தான் 2022-ல் நகர மக்களுக்கு 100 நாள் வேலை கொடுக்கத் தொடங்கியது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆயின. செலவில் 40 சதவீதம் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில் விழுந்தது. அந்தப் புதிய சட்டமும் ஊரகத்துக்கு மட்டும்தான். இதற்கிடையே கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025 ஜனவரியில் பல ஊராட்சிகளை நகர உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, பல மாவட்டங்களில் பெண்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார்கள். வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்பதுதான் அவர்களுடைய பயம். வ. புதுப்பட்டி இத்தனை ஆண்டுகளாக அனுபவித்து வருவதைத்தான் அவர்கள் கண்டு அஞ்சினார்கள்.

செய்ய வேண்டியது சிக்கலான காரியம் இல்லை. 2027 கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஊரிலும் தொழில் விவரம் பதிவாகும். விவசாயக் கூலிகள் கணிசமாக உள்ள பேரூராட்சிகளைப் பட்டியலிட்டு, அங்கே வேலை இல்லாத மாதங்களில் வேலை பெறும் உரிமையை மாநில அரசு தன் செலவிலாவது சட்டமாக்க வேண்டும். தூர் வாரக் கண்மாய்கள் இருக்கின்றன, மராமத்துக்கு வாய்க்கால்கள் இருக்கின்றன. கணக்கெடுப்பு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மலையடிவாரத்து நான்கு பேரூராட்சி மன்றங்களும் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கும் நகராட்சி நிர்வாகத் துறைக்கும் அனுப்பலாம். உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்த்தால் இதைக் கேளுங்கள்.