மலை ஏறுமுன் ஒரு கணக்கு

மாணவர்களே, கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். இறங்கும்போது ஒரே ஓட்டம், ஒரே சிரிப்பு. திரும்பி ஏறுகையில் பாதி வழியில் ஒரு மாணவன், தலை சுற்றுகிறது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. எல்லோருக்குமாக எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். அவனை நிழலில் படுக்க வைத்து, சிறிது சிறிதாக நீர் கொடுத்து, மேலே கொண்டு சேர்க்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிழை என்னுடையது. புறப்படுமுன் போட்டிருக்க வேண்டிய கணக்கை நான் போடவில்லை. அதை இப்போது போட்டுப் பார்ப்போம்.

உங்கள் எடை 50 கிலோகிராம்; நீங்கள் முதன்முதலாக ஏறப்போகும் மலை அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் என்று கொள்வோம். உச்சியை அடையும்போது உங்கள் நிலை ஆற்றல் 50 × 9.8 × 600, அதாவது 2,94,000 ஜூல் கூடியிருக்கும். இது சுமார் 70 கிலோ கலோரி. ஒன்றிரண்டு இட்லிக்குச் சமம்! இவ்வளவுதானா என்று எண்ணிவிடாதீர்கள். நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி மூன்று பங்கு, அதாவது 210 கிலோ கலோரி, வெப்பமாக உடலிலேயே தோன்றுகிறது.

இந்த வெப்பம் வெளியேறாவிட்டால் என்ன ஆகும்? ஒரு கிலோகிராம் உடலை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 0.83 கிலோ கலோரி போதும். 50 கிலோகிராமுக்கு 41.5. ஆகவே உடல் வெப்பநிலை 5 டிகிரி ஏறி 37 டிகிரியிலிருந்து 42 டிகிரி செல்சியஸ் ஆகிவிடும். அது உயிருக்கே ஆபத்தான அளவு. நம்மைக் காப்பது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. 210 கிலோ கலோரிக்கு ஏறத்தாழ 360 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். கவனியுங்கள்: ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை. புழுக்கமான நாளில் பெரும்பகுதி சொட்டியே வீணாகிறது. சமதளத்தில் நடப்பதும் வெயிலும் தரும் வெப்பம் வேறு இருக்கிறது. ஆகவே அரை நாள் நடைக்கு இரண்டு லிட்டர் நீராவது உங்கள் பையில் இருக்கட்டும். வியர்வையோடு உப்பும் போவதால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு நல்லது. கடலை மிட்டாயும் வைத்துக் கொள்ளுங்கள்.

அதே 600 மீட்டரை ஒரு மணியில் ஏறினாலும் இரண்டு மணியில் ஏறினாலும் மேலே சொன்ன 210 கிலோ கலோரி மாறாது. அது தோன்றும் வேகம் பாதியாகும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் புதியவருக்கு ஏற்றது.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. நம் மலைப்பாதை 6 கிலோமீட்டர் என்றால் 2 மணி 12 நிமிடம். இது பழகியவருக்கு. உங்களுக்கு இதில் பாதியைக் கூட்டினால் 3 மணி 20 நிமிடம் ஆகும். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். 11 மணிக்குப் புறப்பட்டால் இறங்க மாலை 5 மணி ஆகிவிடும்; இன்னும் தாமதமானால் பாதையில் இருட்டிவிடும்.

இறங்கும்போது அந்த 70 கிலோ கலோரி எங்கே போகிறது? தொடைத் தசைகளே பிரேக் போல அதை வாங்கிக் கொள்கின்றன. இறுகிய நிலையிலேயே அவை நீட்டப்படுவதால் நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கால் வலிப்பது இதனால்தான். குறுகிய அடிகளாக, முழங்காலைச் சற்று மடக்கி இறங்குங்கள். ஒரு கைத்தடி இருந்தால் இன்னும் நல்லது. 600 மீட்டர் உயரத்தில் காற்று சுமார் 4 டிகிரி குளிர்ந்திருக்கும். நனைந்த சட்டையோடு நின்றால் நடுங்குவீர்கள். மாற்றுச் சட்டை ஒன்று தேவை.

மாதத்தையும் பாருங்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீயின் சுவாலை மேலே உள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து, அதை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீ பரவும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். மேல்நோக்கி ஓடுபவரின் வேகமோ குறைகிறது. புல் காய்ந்த கோடையில் காட்டு மலைகள் வேண்டாம். மற்ற மாதங்களிலும் வனத்துறையின் அனுமதியோடு, வழி தெரிந்த பெரியவருடன் மட்டுமே செல்லுங்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது? திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். ஏழு முறை ஏறினால் நம் மலை! ஒரே நாளில் அல்ல. வாரம் மூன்று நாள், முதலில் ஒரு முறை, பிறகு இரு முறை. உங்கள் ஊரில் குன்று இல்லையென்றால் பள்ளி மாடிப் படிகள் போதும். ஒரு தளம் 3 மீட்டர் என்று எண்ணிக் கொள்ளுங்கள். ஏறி முடித்ததும் ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து அதே வேகத்தில் ஏறி, மறுபடி எண்ணிப் பாருங்கள்.