பூவின் நிறமும் போரின் பொருளும்

துலிப் பூவின் நிறத்தை வைத்துப் பொருள் சொல்வது ஐரோப்பியர் வழக்கம். சிவப்புத் துலிப் காதலையும், வெள்ளை மன்னிப்பையும், ஊதா அரச கம்பீரத்தையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் கைகூடாத காதலைச் சொன்ன மஞ்சள் துலிப், இன்று மகிழ்ச்சியின் அடையாளம். துலிப்பின் கிழங்கு பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் பூவெடுக்கும். ஸ்ரீநகரிலுள்ள துலிப் தோட்டத்தில் அது செழிக்கிறது. தமிழ்நாட்டின் படாளம் போன்ற வெப்பமான சமவெளியில் தானாகப் பூப்பதில்லை.

பூவால் செய்தி சொல்லும் மரபு தமிழ் மண்ணிலும் பழமையானது. இங்கே நிறத்தைவிட எந்தச் செடியின் பூ என்பதே முக்கியம். போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவை வீரர்கள் சூடினர். போர் முதலியவற்றைப் பாடும் புறத்திணைகளைத் தொல்காப்பியம் ஏழாகவும், பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாகவும் வகுக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பூக்களின் பெயர் கொண்டவை.

சிவந்த வெட்சி, பகைவரின் ஆநிரையைக் கவரப் புறப்படுவதன் அடையாளம். இன்று இட்லிப்பூ என்று வீட்டு வாசல்களில் வளர்க்கப்படுவது இதன் இனமே. நீலங்கலந்த ஊதாநிற நொச்சி, கோட்டையைக் காப்போர் சூடுவது. கொசுவை விரட்டப் புகை போடும் அதே நொச்சிதான். வெள்ளைத் தும்பை, இரு வேந்தரும் களத்தில் நேருக்கு நேர் மோதும் கடும்போருக்கு உரியது. தொல்காப்பியம் இதைக் கடல்சார்ந்த நெய்தல் என்னும் அகத்திணைக்குப் புறமாக வைக்கிறது. வெளிர்மஞ்சள் வாகை வெற்றிக்கு உரியது. தேர்தலில் வென்றவர் ‘வாகை சூடினார்’ என்று செய்தித்தாள்கள் இன்றும் எழுதுகின்றன.

ஐரோப்பாவில் மன்னிப்புக் கேட்கும் வெண்மை, தமிழ்க் களத்தில் உக்கிரத்தின் நிறம். நிறத்துக்கு இயல்பாக ஒரு பொருள் கிடையாது; அதைச் சூட்டுவது மனிதச் சமூகமே.

செடிக்கு நிறம் வேறு காரணத்துக்காக, பூச்சிகளை ஈர்க்கத் தேவைப்படுகிறது. சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் வருபவை. செல்சாற்றின் அமிலத்தன்மை மாறினால் இவற்றின் சாயலும் மாறும். மஞ்சளைப் பல பூக்களில் கரோட்டினாய்டுகள் தருகின்றன. வெள்ளை இதழில் கண்ணுக்குப் புலப்படும் நிறமி அநேகமாக இல்லை. செல்களுக்கு இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் அது பளிச்சிடுகிறது. ‘தும்பைப்பூ போல வெளுத்த வேட்டி’ என்ற வழக்கின் பின்னால் இருப்பது இந்த இயற்பியல்தான். தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது; புற ஊதா ஒளி தெரியும். சிவப்பல்லாத தும்பையையும் நொச்சியையும் தேனீக்கள் நாடுகின்றன. வெட்சியின் நீண்ட குழலிலுள்ள தேனை வண்ணத்துப்பூச்சிகள் உறிஞ்சுகின்றன.

மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் வளரும் பூவரசு ஒரே பூவில் இரு நிறங்களைக் காட்டும். காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செவ்வூதாவாகிறது. பூவின் வடிவைக் கண்டு ஆங்கிலத்தில் இதை இந்தியத் துலிப் மரம் என்றழைத்தனர். உண்மையில் இது துலிப்புக்கு உறவல்ல. பருத்தியும் செம்பருத்தியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது.

தும்பை வயல் வரப்பிலும், நொச்சி வேலியிலும் ஆற்றோரத்திலும், வாகை சாலையோரத்திலும் இன்றும் காணக் கிடைப்பவை. இலக்கணப் பாடத்தில் பெயராக மட்டும் அறியும் இப்பூக்களை மாணவர்களுக்கு ஆசிரியர்கள் நேரில் காட்ட வேண்டும். தமிழும் தாவரவியலும் ஒரே பாடத்தில் விளங்கிவிடும்.