உங்களுக்குத் தெரியுமா? குறுக்கே வரும் வானொலி நிலையத்தை அடக்க ஒரு முழம் கேபிள் போதும்!

பெங்களூரில் ஆகாசவாணியின் எஃப்.எம். ரெயின்போ ஒலிப்பது 101.3 மெகாஹெர்ட்ஸில். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் குடியிருக்கும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்) ஒருவர் 145 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய குரலைத் தேடினால், பக்கத்து அலையின் பலத்தில் அவருடைய ரிசீவரே திணறிப்போகலாம். ஆன்டெனா கேபிளில் ஒரு ‘டி’ கனெக்டர் போட்டு, 49 செ.மீ. கோஆக்சியல் கேபிளை அதில் தொங்கவிட்டால் போதும். மறுமுனையை எதிலும் இணைக்கக் கூடாது. இந்தத் துண்டுக்கு ‘ஸ்டப்’ என்று பெயர்.

101.3 அலை அந்த நுனி வரை போய்த் திரும்புவதற்குள் சரியாக அரைச்சுற்று கடந்துவிடும். எனவே, புதிதாக வரும் அலைக்கு நேர் எதிராக நின்று அதை அழித்துவிடுகிறது. பக்கத்து எஃப்.எம். நிலையங்களும் ஓரளவு தணியும்.

காற்றில் கால் அலைநீளம் 74 செ.மீ.; கேபிளுக்குள் 49 தான். சாதாரண பாலிஎத்திலீன் கேபிளில் அலை ஓடுவது ஒளிவேகத்தில் 66 சதவீதம்தான் என்பதே காரணம். ஃபோம் கேபிளில் வேகம் கூடுதல், நீளமும் கூடும். பெங்களூர் எஸ்.பி. ரோடில் வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். சாதாரண கேபிள் என்றால் முதலில் 52 செ.மீ. வெட்டி, ரேடியோவைக் கேட்டுக்கொண்டே மில்லிமீட்டர் கணக்கில் நறுக்குங்கள். அவசரப்பட்டுக் குட்டையாக வெட்டினால் கேபிள் வீண்.

இதை மாட்டியபடி ஒலிபரப்பாதீர்கள். 145-ஐயும் இது சிறிது பாதிக்கும். கேட்பதற்கு மட்டும் பரவாயில்லை.

தேடும் அலைவரிசையிலேயே இரைச்சல் உட்கார்ந்திருந்தால் எந்த ஸ்டப்பாலும் பயனில்லை. தூரம் போகத்தான் வேண்டும். அப்படித்தான் 1976-இல் 34.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ தொலைநோக்கி அமைந்தது பெங்களூருக்கு 100 கி.மீ. வடக்கே, கௌரிபிதனூரில். ராமன் ஆய்வு நிறுவனத்தின் ‘சரஸ் 3’ கருவி விண்ணிலிருந்து கேட்பது 43.75 முதல் 87.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது எஃப்.எம். வாசல் வரை. 2020-இல் அதை தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள்.

ஒரே முகாமில் இரண்டு ஹாம் நிலையங்கள் இயங்கினால் வேறொரு தொல்லை; அதற்கு ஸ்டப் உதவும். 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒருவர் பேச, அதன் இரட்டிப்பான 14.2 மற்றவர் காதில் விழும். பேசுபவரின் கேபிளில் 7 மீட்டர் ஸ்டப் ஒன்றை மாட்டி, இம்முறை நுனியை ஷார்ட் செய்துவிட வேண்டும். 7.1-க்கு அது இருப்பதே தெரியாது, 14.2 ஆன்டெனாவை எட்டுவதற்குள் பெருமளவு அடங்கிவிடும்.